களிமண் பூசிய கோழியா, வாயை மாவால் அடைத்த சட்டியா: மூடுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

நீங்கள் கேட்டது இது: காட்பாடியில் வீடு, மேலே மொட்டைமாடி இருக்கிறது. சீனாவில் முழுக்கோழியை இலையில் சுற்றி, மண் பூசி, நெருப்பில் போட்டு, உடைத்துச் சாப்பிடும் வீடியோ பார்த்தீர்கள். அதை இங்கே செய்யலாமா, பக்கத்து ஏரியில் மண் எடுத்தால் போதுமா, இல்லை நம் ஊர் பிரியாணி அண்டா மாதிரி மூடியைச் சுற்றி மைதா ஒட்டினாலே அந்த ருசி வந்துவிடுமா.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். முற்றின நாட்டுக்கோழி, ஆட்டுச் சப்பை, மாட்டுக்கால் கறி என்றால் மாவு ஒட்டிய சட்டிதான் சரி. காடை மாதிரி சின்னப் பறவை என்றால் களிமண் அருமையாக வரும். கடையில் வாங்கும் பிராய்லருக்குக் களிமண் தேவையில்லை, அந்த உழைப்புக்குப் பலன் குறைவு. ஏரி மண் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள், கீழே விரிவாக எழுதியிருக்கிறேன், நம் மாவட்டத்துக்கு அது மிக முக்கியம்.

மண்ணோ மாவோ, இந்தச் சமையலில் எல்லாமே ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. மூடிவிட்டால் நடுவில் உங்கள் கை உள்ளே போகாது. உப்பு பார்க்க முடியாது, தண்ணீர் ஊற்ற முடியாது, வெந்ததா என்று கறியை அழுத்திப் பார்க்க முடியாது. அதனால் வழக்கமான குழம்பில் அடுப்பருகே நின்று செய்யும் அத்தனை முடிவுகளையும் இதில் மூடுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். எந்த வயசுப் பறவை, எவ்வளவு ஈரம், எவ்வளவு மசாலா, எவ்வளவு நேரம். இதில் தோற்கிறவர்கள் மண்ணிலோ மாவிலோ தோற்பதில்லை, இந்த நான்கில்தான் தோற்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அடைத்த சட்டிக்குள் கறி விடும் தண்ணீரே ஆவியாகிறது, மூடியில் பட்டுத் திரும்பி விழுகிறது, வெப்பம் 100 டிகிரி பக்கத்திலேயே நிற்கிறது. இது பிரஷர் குக்கர் இல்லை, மாவுக்கு அந்த அழுத்தத்தைத் தாங்கும் பலம் கிடையாது, ஆவி அதிகமானால் எங்காவது ஒரு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும், அதனால் பயப்பட வேண்டியதும் இல்லை. இந்த ஈரச் சூட்டில் கறியின் சவ்வும் நரம்புச் சதையும் மெல்ல மெல்லக் கரைந்து பிசுபிசுப்பான சாறாக மாறும், பாயா குடித்தால் உதட்டில் ஒட்டுமே, அதே பொருள்தான். 70 டிகிரியைத் தாண்டினால் அது தொடங்கும், ஆனால் மணிக்கணக்கில் நேரம் கேட்கும். தினமும் நடந்து திரிந்த நாட்டுச் சேவலிலும், பாரம் தாங்கிய ஆட்டின் முன்னங்கால் சப்பையிலும் இந்தச் சவ்வு நிறைய இருக்கிறது. பிராய்லர் ஆறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது, கரைவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, நீண்ட நேரம் வைத்தால் நெஞ்சுக்கறி நார் நாராக உலர்ந்துபோகும். மூடிதானே இருக்கிறது, எப்படி உலரும் என்று கேட்பார்கள். சுற்றிலும் ஆவி இருந்தாலும் சூடு ஏற ஏறச் சதை சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும், சாறு சட்டியில் இருக்கும், கறியில் இருக்காது.

நம் பக்கத்துத் தம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி பிரியாணியில் (இரண்டும் 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம், ஆனால் பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்) ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, தயிர், இஞ்சி பூண்டு எல்லாம் போட்டுக் கறியை முதலிலேயே வேகவைத்துவிடுவார்கள். சீரகச் சம்பா அரிசியைத் தனியாக முக்கால் பதத்துக்கு வேகவைத்து வடித்து அதன் மேல் சேர்ப்பார்கள். அதற்கப்புறம்தான் தம். சிலர் மைதா ஒட்டுவார்கள், சிலர் ஈரத்துணி சுற்றி மேலே பாரம் வைப்பார்கள், மூடி மேல் கங்கு அள்ளிப் போடுவார்கள். அந்த இருபது முப்பது நிமிடம் அரிசி முழுசாக வெந்து கறிச்சாற்றை வாங்குவதற்கான நேரம், கறி வேக அல்ல. அதைப் பார்த்துவிட்டுப் பச்சை ஆட்டுக்கறியை அரை மணி நேரம் தம் போட்டால் ரப்பர்தான் கிடைக்கும். ஐதராபாத்தில் பச்சைக் கறியோடு தம் போடுகிறார்களே என்றால், அங்கே பப்பாளிக்காய், தயிர் போட்டு மணிக்கணக்கில் ஊறவைக்கிறார்கள், இளம் கறியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், தம்மும் நீளம்.

மூடி மேல் கங்கு போடுவது கல்யாண வீட்டு அலங்காரம் இல்லை. மேல்மூடி சூடாக இருந்தால் ஆவி அதில் நீராகி அரிசி மேல் சொட்டாது, மேல் அடுக்கு குழையாது. வெறும் கறி செய்யும்போது அந்தக் கவலை இல்லை, சொட்டினால் நல்லதுதான்.

சரி, மாவு ஒட்டிய சட்டிக்கு வருவோம். மைதா 200 கிராம், தண்ணீர் 100 மில்லி சுமார், சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து கட்டைவிரல் தடிமனுக்குக் கயிறு மாதிரி உருட்டுங்கள். சட்டியின் விளிம்பில் எண்ணெயோ மசாலாவோ இருந்தால் ஒட்டாது, ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலரத் துடைத்து, அப்புறம் மாவை வைத்து மூடியை அழுத்துங்கள். சூடு ஏறியதும் மாவு இறுகி ஓடாகிவிடும். கோதுமை மாவிலும் செய்யலாம், கொஞ்சம் சீக்கிரம் வெடிப்பு விடும், வெடித்த இடத்தில் ஈர மாவைத் தடவினால் போதும்.

மண்சட்டி வேண்டும் என்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே கரிகிரி இருக்கிறது, மண்பாண்டத்துக்குப் பெயர்போன ஊர். எங்கே வாங்கினாலும் பளபளப்பு பூசிய அலங்காரப் பாண்டமா, சமையலுக்கென்று செய்ததா என்று கேட்டு வாங்குங்கள், பூச்சு இல்லாத சாதாரணச் சட்டியே இதற்கு நல்லது. புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, சோறு வடித்த கஞ்சியை ஊற்றி மெல்லிய தீயில் கொதிக்கவிட்டுப் பழக்குங்கள். கேஸ் அடுப்பில் சின்ன பர்னரில் பழைய தோசைக்கல்லைப் போட்டு அதன் மேல் சட்டியை வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் மட்டும் சூடு குத்தி அடிபிடிக்கும். அடிபிடித்தாலும் நீங்கள் கிளற முடியாதே. பீகாரில் சம்பாரண் பக்கம் ஆட்டுக்கறியை இதே மாதிரி மண்பானையில் போட்டு வாயை மாவால் அடைத்துக் கரி நெருப்பில் வைப்பார்கள், கிளறுவதற்குப் பதிலாக அவ்வப்போது பானையைத் தூக்கிக் குலுக்குவார்கள். நல்ல யோசனை, நாமும் செய்யலாம், கனமான துணியால் பிடித்துக்கொண்டு, மூடியையும் சேர்த்து அழுத்திப் பிடித்தபடி.

மசாலா பற்றி யாரும் சொல்லாத ஒன்று: மூடிய பாத்திரத்தில் பச்சை வாசனை போகாது. திறந்த சட்டியில் இஞ்சி பூண்டும் மிளகாய்த்தூளும் எண்ணெயில் வதங்கும்போது அந்த நெடி காற்றில் போய்விடுகிறது. இங்கே போக வழியே இல்லை, இரண்டு மணி நேரம் வேகவைத்தாலும் திறக்கும்போது அதே நெடி முகத்தில் அடிக்கும். அதனால் வெங்காயத்தையும் மசாலாவையும் எண்ணெய் பிரியும்வரை தனியாக வதக்கி, ஆறவைத்து, கறியில் பிசைந்து, அப்புறம் மூடுங்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காயை வழக்கத்தில் பாதியாகக் குறையுங்கள், வாசனை வெளியேறாததால் அவை தூக்கலாகத் தெரியும். உப்பிலும் கொஞ்சம் கை குறையுங்கள், திறந்தபின் கூடப் போட்டுக்கொள்ளலாம், எடுக்க முடியாது. கோழிக்குத் தண்ணீரே ஊற்ற வேண்டாம், அது விடும் நீர் போதும். ஆட்டுக்கறிக்குக் கிலோவுக்கு அரை டம்ளர்.

நேரம் என்றால், வெடைக்கோழிக்கு ஒரு மணி, முற்றின சேவலுக்கு இரண்டிலிருந்து இரண்டரை மணி, ஆட்டுச் சப்பைக்கும் அதே அளவு, மாட்டுக்கால் கறிக்கு மூன்றரை மணி வரை. கூடக் கால் மணி வைத்தால் இந்த மாதிரிக் கறிக்கு ஒன்றும் கெட்டுப்போகாது, குறைந்தால்தான் பிரச்சினை. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பெக்கெயோஃப் என்று ஒரு பண்டம், மூன்று வகைக் கறியை வெள்ளைத் திராட்சை மதுவில் இரவு முழுக்க ஊறவைத்து, உருளைக்கிழங்கோடு மண்பாத்திரத்தில் அடுக்கி, மாவுக் கயிறால் மூடியை ஒட்டி, ரொட்டிக்காரர் வேலை முடித்த அடுப்பில் கொடுத்துவிட்டுப் போவார்கள் என்பது அங்குள்ள வழக்கம். ரொட்டி எடுத்தபின் மிஞ்சும் அந்தத் தணிந்த சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் படும். கிராமத்தில் உங்களுக்கு விறகடுப்பு இருந்தால், சோறு வடித்து முடித்த அடுப்பில் வரட்டி ஒன்றிரண்டு போட்டு, சாம்பல் மூடி, சட்டியை வைத்துப் பாருங்கள், கேஸ் அடுப்பைவிட நன்றாக வரும்.

இனி களிமண். நீங்கள் பார்த்த வீடியோவில் இருப்பது சீனாவின் பிச்சைக்காரக் கோழி. ஜியாங்சு மாகாணத்துச் சாங்ஷுவும் ஹாங்சோ நகரமும் இரண்டுமே அதற்குச் சொந்தம் கொண்டாடுகின்றன. கோழி கிடைத்தும் பாத்திரம் இல்லாத ஒரு பிச்சைக்காரன் அதன் மேல் மண்ணை அப்பி நெருப்பில் போட்டான் என்பது கதை. கதையை விடுங்கள், செய்முறைதான் கவனிக்க வேண்டியது: உள்ளே பன்றிக்கறி, காளான் எல்லாம் வதக்கி அடைத்து, தாமரை இலையில் சுற்றி, அதற்கு மேல்தான் மண். ஹாங்சோவில் மது சாடிகளின் வாயை மூடிய களிமண்ணைத்தான் வழக்கமாக எடுப்பார்கள். எந்த மண் என்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை. நமக்கும் அந்த அக்கறை வேண்டும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவு பல பத்தாண்டுகள் பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கியிருக்கிறது. 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வேலூர் மக்கள் நல மன்ற வழக்கு இதைப் பற்றியதுதான். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மண்ணில் தங்கிவிடும் உலோகம், நெருப்பில் சுட்டால் கிருமி சாகும், குரோமியம் எங்கும் போகாது. அதனால் பாலாற்றங்கரை மண், தொழிற்சாலை வாய்க்கால் வந்து சேரும் ஏரி மண், பூச்சி மருந்து அடித்த வயல் மண், மூன்றையும் தொடாதீர்கள். இலை சுற்றியிருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள், இலை கிழியும், சாறு மண்ணைத் தொட்டுத் திரும்பும். ஏரியில் நாமாகத் தோண்டுவதற்கும் அனுமதி வேண்டும். மண்பாண்டம் செய்பவரிடம் போய், அவர் சமையல் சட்டிக்குப் பிசைந்து வைத்திருக்கும் மண்ணில் நான்கைந்து கிலோ விலைக்குக் கேளுங்கள். சலித்து, கல் நீக்கி, மிதித்துப் பதமாக்கிய மண், அதுவே உங்களுக்குப் பெரிய வேலை மிச்சம்.

அந்த மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு மெல்லிய மணலோ உமியோ கலந்து பிசையுங்கள். வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும், உமி கலந்தால் வெடிப்பு குறையும். காடையைக் குடல் நீக்கிக் கழுவி, ஈரம் துடைத்து, வதக்கிய மசாலாவை உள்ளும் புறமும் தடவி, வாழை இலையை அனலில் வாட்டி இரண்டு மூன்று சுற்று சுற்றி, வாழை நாரால் கட்டுங்கள். தாமரை இலை கிடைத்தால் இன்னும் நல்லது, மந்தாரை இலையும் ஆகும். தேக்கிலை சாயம் விடும், சிலருக்குப் பிடிக்கும், எனக்குக் கசப்பு தட்டுகிறது. அதற்கு மேல் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மண், எங்கும் காற்று அடைபடாமல் தட்டித் தட்டிப் பூசுங்கள். தடிமன் முக்கியம், ஏனென்றால் மண்ணில் ஈரம் இருக்கும்வரை உள்ளே சூடு 100 டிகிரியைத் தாண்டாது, ஈரம் போனபின்தான் ஏறும். மெல்லியதாகப் பூசினால் இலை கருகும், கனமாகப் பூசினால் உள்ளே வேகவே நேரமாகும்.

வேட்டைக்காரர்கள் இறகோடு மண் பூசிச் சுட்டு, உடைக்கும்போது இறகு மண்ணோடு பிய்ந்து வரச் செய்வதும் உண்டு. பண்ணைப் பறவைக்கு அது வேண்டாம், இறகில் அழுக்கு அதிகம். கவுதாரி, காட்டுக்காடை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றைப் பிடிப்பதும் வாங்குவதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பண்ணையில் வளர்க்கும் ஜப்பான் காடை எல்லா ஊரிலும் கிடைக்கிறது, ருசியிலும் குறையில்லை.

மொட்டைமாடித் தளத்தில் நேராக நெருப்பு போடாதீர்கள், சூட்டில் சிமெண்ட் பெயர்ந்து தெறிக்கும். கீழே செங்கல் அடுக்கி, மேலே கலவை அள்ளும் பழைய இரும்புச் சட்டி, அதில் நான்கு விரல் மணல், அதன் மேல் நெருப்பு. துத்தநாகப் பூச்சு போட்ட தகரம் வேண்டாம், சூட்டில் புகை கெடுதல். விறகுக்கு வேலிக்காத்தான் நம் ஊரில் குறையே இல்லை, கங்கு நல்ல கனமாக நிற்கும். சுவாலை அடங்கிக் கங்கு ஆனபின்தான் உருண்டையை வைக்க வேண்டும், அதுவும் முதல் இருபது நிமிடம் ஓரத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காயவிட்டு. ஈர மண்ணைத் திடீரென்று கடும் சூட்டில் போட்டால் உள்ளே ஆவி கட்டிச் சில்லு தெறிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் கீழும் மேலும் கங்கு மூடி, காடைக்கு ஒரு மணி நேரம். ஒன்றேகால் கிலோ இளங்கோழி என்றால் இரண்டரை மணி, நடுவில் கங்கு சேர்க்க வேண்டும்.

மண் வெளுத்து, தட்டினால் ணங் என்று சத்தம் வந்தால் வெந்துவிட்டது என்பார்கள். அது மண் காய்ந்ததற்கு அடையாளம், கறி வெந்ததற்கு அல்ல. நான் எப்போதும் ஒரு காடையைக் கூடுதலாகச் சுற்றி வைத்து, அதை முதலில் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றை எடுப்பேன். குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி இருந்தால் தொடையின் கனமான இடத்தில் எலும்பைத் தொடாமல் 74 டிகிரி காட்ட வேண்டும். கோழியிலும் காடையிலும் இதில் சமரசம் வேண்டாம்.

புகை வாசனையை எதிர்பார்க்காதீர்கள். மண் புகையை உள்ளே விடாது. முறுகலும் வராது, ஈரமான இடத்தில் தோல் சிவக்காது, அதற்கு 140 டிகிரிக்கு மேல் உலர்ந்த சூடு வேண்டும். நிறம் வேண்டுமானால் சுற்றுவதற்கு முன்பே இரும்புக் கடாயில் நெய் விட்டு நான்கு பக்கமும் சிவக்கப் புரட்டிக்கொள்ளுங்கள். களிமண்ணில் கிடைப்பது வேறு: இலையின் வாசனை, கறியின் சாறு ஒரு சொட்டு வீணாகாதது, எலும்பைத் தொட்டால் கழன்று வரும் மென்மை. சின்னப் பறவைக்கு அது போதும், போதுமானதற்கு மேலேயே.

நெருப்பு போட வசதியே இல்லை, வீட்டில் ஓவன் மட்டும்தான் என்றால் உப்பு மாவு இருக்கிறது. மைதா இரண்டு பங்கு, கல்லுப்புத் தூள் ஒரு பங்கு, கெட்டியாகப் பிசையுமளவு தண்ணீர். இலையில் சுற்றிய கோழியின் மேல் இதை ஒரு விரல் கனத்துக்குத் தேய்த்துப் போர்த்தி, 200 டிகிரியில் ஒரு கிலோ கோழிக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணி. பிராய்லருக்கும் இதுதான் நான் சொல்லும் வழி, ஏனென்றால் மாவைக் குத்தி வெப்பமானியை உள்ளே விடலாம், 74 வந்ததும் எடுத்துவிடலாம், நெஞ்சுக்கறி உலர்வதற்குள். அந்த மாவைச் சாப்பிடக் கூடாது, அத்தனையும் உப்பு.

கோழியைத் தயிர், மசாலாவில் ஊறவைப்பதானால் பிரிட்ஜில்தான். மே மாத வேலூரில் சமையலறை மேடையில் நான்கு மணி நேரம் வைத்த கறியை நான் தொடமாட்டேன். அதேபோல, மூடிதானே இருக்கிறது, காலையில் திறக்கலாம் என்று ஆறிய சட்டியை இரவெல்லாம் வெளியே விடாதீர்கள். சில கிருமிகளின் வித்து 100 டிகிரியிலும் சாகாது, காற்றில்லாத வெதுவெதுப்பான இடம்தான் அவை வளர ஏற்றது, மூடிய சட்டி அதற்கு அளந்து செய்தது மாதிரி. இறக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், மிச்சத்தை உடனே அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்துப் பிரிட்ஜில் வையுங்கள்.

திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, கத்தி முனையால் ஓரிடத்தில் மாவைப் பெயர்த்து ஆவியை வெளியே விட்டுவிட்டு அப்புறம் மற்றதை உடையுங்கள், மூடியைத் தூக்குவதற்கு முன் விளிம்பைத் துடைத்தால் சில்லு உள்ளே விழாது. மண் உருண்டையை அகலமான தட்டில் வைத்து மேலே மட்டும் தட்டி, மண் ஓட்டினை இரண்டாகப் பிளந்து, இலைப் பொட்டலத்தை அப்படியே வேறு தட்டுக்கு மாற்றிய பிறகே நாரை அவிழுங்கள். இலையில் தேங்கியிருக்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். ஆப்பமோ தோசையோ இருந்தால் அதில் ஊற்றிக்கொள்ளுங்கள், சோறு என்றால் பக்கத்தில் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்த் தொக்கு கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், வேறு குழம்பு வேண்டாம்.